கோத்தகிரிக்கு சைக்கிள்ல ஏறப் போறோம், ரூட்டும் ரோசனையும் சொல்லுங்க

வாய்க்காமேடு_கோபி:

வணக்கமுங்க எல்லாருக்கும். நாங்க மூணு பொண்ணுக, ஊர் கோபிச்செட்டிபாளையம். வெடியால வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தடப்பள்ளி வாய்க்கா ஓரமாவே கொடிவேரி வரைக்கும் ஓட்டிட்டு வர்றது பழக்கம், ஞாயித்துக்கெழமைன்னா சத்தி பக்கம் அம்பது அறுவது கிலோமீட்டர் போவோம். ஆனா எங்க பக்கம் பூராமும் சமதளம், ரெண்டு பக்கமும் நெல்லு வயலு, மேடுன்னு பாத்தா வாய்க்கா பாலம் ஏறி எறங்கறதுதான்.

தை பொறந்தப்பறம் ஒரு நல்ல மலை ரோட்டுல ஏறிப் பாத்தரணும்னு இருக்கோம். ஒருத்தி வால்பாறைங்கறா, ஒருத்தி கொல்லிமலைங்கறா, எனக்கு கோத்தகிரி மேல கண்ணு. திம்பம் எங்களுக்குக் கிட்டத்துலயே இருக்குது, பண்ணாரி தாண்டுனா மலைதான், ஆனா ஊட்டுல அந்தப் பேர எடுத்தாலே வேண்டாம்ங்கறாங்க. சைக்கிள் மூணுமே ஹைபிரிட்டு, ரெண்டுல ரிம் பிரேக்கு, ஒண்ணுல டிஸ்க். மொத நாள் ஏறி அங்கயே தங்கிட்டு மறுநாள் எறங்கலாம்னு எண்ணம். இது எங்களால ஆகுமுங்களா? எத்தன மணிக்குக் கெளம்பறது, யானை எப்படி, எறங்கறப்ப என்ன பாக்கணும், போயிட்டு வந்தவங்க சொன்னீங்கன்னா ஒதவியா இருக்கும்.

பெடல்_மேட்டுப்பாளையம்:

தாராளமா ஆகுமுங்க. அறுவது கிலோமீட்டர் அசராம ஓட்டறீங்கன்னா காலு இருக்குது, மலைக்கு வேண்டியது பொறுமை மட்டுந்தான்.

மொதல்ல திம்பம். உங்க ஊட்டுல சொல்றது சரிங்க. 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகத்துக்கு நடுவால போற ரோடு, கர்நாடகா போற வர்ற லாரி அத்தனையும் அதுலதான். நெட்டு லாரி வளைவுல திரும்ப மாட்டாம நின்னுட்டா முன்னயும் போக முடியாது பின்னயும் வர முடியாது, அந்த எடத்துல சைக்கிள வெச்சுட்டு காட்டோரம் நிக்கறது ஆகாது. 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரி போக்குவரத்துக்கே அங்க தடை இருக்குதுங்க, காரணம் இல்லாம கோர்ட்டு அப்படிச் சொல்லாது. அத விட்ருங்க.

வால்பாறை அழகுல கொறையே சொல்ல முடியாது. ஆழியாருல இருந்து 40 வளைவு, ஒம்பதாவது வளைவுல நின்னா ஆழியாறு டேம் மொத்தமும் கீழ தெரியும், அங்கயே வரையாடும் பக்கத்துல வந்து நிக்கும். ஆனா 40 முடிஞ்சா ஊர் வந்துருமுன்னு நெனைக்காதீங்க, அதுக்கப்பறமும் எஸ்டேட்டு வழியா ஏறி எறங்கி ஏறி எறங்கித்தான் வால்பாறை. நடுவுல வண்டி ரிப்பேரானா கேக்க ஆளு கம்மி. அது ரெண்டாவது மலையா இருக்கட்டும்.

மொத மலைன்னா நான் கோத்தகிரியத்தான் சொல்லுவேன். மேட்டுப்பாளையம் ஊர் தாண்டி பவானி ஆத்துப் பாலம் கடந்தா கோத்தகிரி ரோடு தனியாப் பிரியும், குன்னூர் ரோட்டுல ஏறிறாதீங்க, ஊட்டிக்குப் போற பஸ்ஸு காரு எல்லாம் கல்லாறு பர்லியாறு வழியா அதுலதான் முண்டியடிக்கும். கோத்தகிரி ரோட்டுல ஒரே சீரா ஏறிட்டே இருக்கும். மொத்தம் 33 கிலோமீட்டர் சொச்சம், கீழ முந்நூறு மீட்டர் ஒசரத்துல இருந்து மேல ஆயரத்து எழுநூறு எண்ணூறுக்குப் போறீங்க, அப்படின்னா நூறு மீட்டருக்கு நாலு நாலரை மீட்டர் ஏத்தம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா அது நிக்காம வந்துட்டே இருக்கும், சமதளத்துல ஓட்டறவங்களுக்கு அதுதான் புதுசு. மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் போனாப் போதும். ஒக்காந்து எந்திரிச்சு டீ குடிச்சு போட்டோ எடுத்து அஞ்சு அஞ்சரை மணி நேரம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ஏப்ரல் மே சீசன்ல மட்டும் வேண்டாம். அப்ப ஒருவழிப் பாதை ஆக்கி ஊட்டில இருந்து எறங்கற வண்டிய பூராம் கோத்தகிரி வழியாத்தான் உடுவாங்க, நீங்க எதுத்தாப்ல ஏறணும். ஐப்பசி கார்த்திகை மழையும் ஆகாது, 2009 நவம்பர்ல மலை சரிஞ்சு எத்தன உசுரு போச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்ற தை மாசம்தான் சரி. பொங்கல் லீவு நாலு நாளத் தள்ளிப்போட்டு, அப்பறம் ஒரு வாரநாளாப் பாத்து வாங்க.

அரவேணு_தோட்டம்:

நான் இந்த ரோட்டுலயேதாங்க பொழங்கறேன், யானையப் பத்தி நான் சொல்றேன். அடிவாரத்துல இருந்து குஞ்சப்பனை வரைக்கும் காடு, அங்க யானை ரோட்டக் கடக்கும். பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை முள்ளூர் பக்கம் தெனமும்னே சொல்லலாம், அந்த வாசத்துக்குக் கீழ இருந்து ஏறி வந்துருதுக. தை மாசத்துல பழம் இருக்காது, அதனால கொஞ்சம் தேவல, ஆனா இல்லவே இல்லைன்னு இல்ல.

வெயிலுக்கு முன்னாடி ஏறிரலாம்னு வெடியால நாலு மணி அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பறாங்க பாருங்க, அது மட்டும் பண்ணிறாதீங்கம்மா. தை மாசத்துல ஆறே முக்காலுக்குத்தான் பொழுது கெளம்பும். நல்லா வெளிச்சம் வந்து மொத ரெண்டு மூணு பஸ்ஸு மேல போகட்டும், அதுக்குப் பொறவு ஏறுங்க. பைக்குன்னா சத்தம் கேட்டு மிருகம் ஒதுங்கும், சைக்கிளுக்குச் சத்தமே இல்ல, வளைவு திரும்பறப்ப திடீர்னு நீங்களும் அதுவும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கற மாதிரி ஆயிரும், அதுதான் பயம். அதனால காட்டுப் பகுதில மூணு பேரும் சேந்தே போங்க, நாயம் பேசிட்டே போங்க. யானை நிக்கறது தெரிஞ்சா நூறு மீட்டருக்கு முன்னாடியே நின்னுருங்க, பெல்லு அடிக்காதீங்க, போட்டோவுக்குக் கிட்டப் போகாதீங்க, பின்னாடி வர்ற பஸ்ஸோ லாரியோ வந்து அது வழி உட்டதுக்கப்பறம் அந்த வண்டிய ஒட்டியே கடந்துருங்க.

குஞ்சப்பனைக்கு மேல வந்துட்டா பாக்குத்தோப்பு காப்பித்தோட்டம், அப்பறம் தேயிலை. அங்க பொழுதோட காட்டுமாடும் கரடியும் வரும். எங்கூர்ல கரடி நடமாட்டம் நெசமாவே எச்சு, அதனால இருட்டறதுக்கு முன்னாடி ரூமுக்குப் போயிருங்க. கொரங்கு இருக்கற எடத்துல வாழப்பழத்தை வெளில தொங்க உட்டுட்டு நிக்காதீங்க.

நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்டுல புடிங்கிருவாங்க. சைக்கிள் பாட்டில் ரெண்டு ரெண்டு வெச்சுக்கோங்க, குஞ்சப்பனைல கடை இருக்குது, அங்க ரொப்பிக்கலாம்.

சேந்தமங்கலத்தான்:

கோத்தகிரி நல்ல ரோடுதான், மறுக்கலைங்க. ஆனா கொல்லிமலையச் சொன்ன தங்கச்சி சொல்லையும் தள்ளிறாதீங்க. காரவள்ளில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட பலகை இருக்குது, ஒண்ணொண்ணா எண்ணிட்டே ஏறறப்ப மனசு தளராது. ஏத்தம் மொத்தம் ஆயரம் மீட்டருக்குள்ளதான், கோத்தகிரிய விட கம்மி. வண்டியும் கம்மி, வாரநாள்ல காத்தும் குருவிச் சத்தமுந்தான். யானைத் தொந்தரவு இல்லாத மலைங்கறது மூணு பொண்ணுக தனியாப் போறப்ப பெரிய விசயம் இல்லீங்களா? மேல சோளக்காட்டுல அன்னாசி, மலைவாழை, மொளகு எல்லாம் வித்துட்டு ஒக்காந்திருப்பாங்க, அங்க இருந்து அறப்பளீஸ்வரர் கோயிலு, ஆகாயகங்கை அருவின்னு மறுநாளைக்கும் சோலி இருக்குது. ஆடிப்பதினெட்டு வல்வில் ஓரி விழா சமயத்துல மட்டும் வராதீங்க, கூட்டம் நெருக்கிரும். எனக்குக் கேட்டா மொதல்ல கொல்லி, அப்பறம் கோத்தகிரி.

வாய்க்காமேடு_கோபி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சேந்தமங்கலத்தாருங்ணா, நீங்க சொல்றதும் நாயமாத்தான் இருக்குது, யானை விசயம் ரோசிக்க வெக்குது. ஆனா எங்களுக்கு மேட்டுப்பாளையம் வந்து சேர்றது சுளுவு, அங்க ஒறம்பரை ஊடும் இருக்குது, மொத நா ராத்திரி அங்கயே தங்கிக்கலாம். அதனால கோத்தகிரின்னு முடிவு பண்ணிட்டோம், கொல்லி அடுத்ததுங்க.

கியரு பல்லு எண்ணிப் பாத்தோம். ரெண்டு சைக்கிள்ல முன்னாடி இருக்கற சின்ன சக்கரம் 28, பின்னாடி பெருசு 32. இன்னொண்ணுல முன்னாடி 34, பின்னாடி 28. இது போதுமுங்களா? பழகறதுக்கு பக்கத்துல எங்க போறது?

செயின்_கிரீஸ்_ஈரோடு:

28க்கு 32 அருமைங்க, பெடல் ஒரு சுத்து சுத்துனா சைக்கிள் ரெண்டு மீட்டர்கூட நகராது, அதுதான் ஏத்தத்துக்கு வேணும். நிமிசத்துக்கு அறுவது எழுவது சுத்து மெதுவா சுத்திட்டே இருந்தா ஏழு எட்டு கிலோமீட்டர் வேகத்துல மூச்சு வாங்காமப் போயிரலாம். அந்த மூணாவது சைக்கிள்தான் ஒதைக்கும். 34க்கு 28ன்னா அதே அறுவது சுத்துக்கு ஒம்பது கிலோமீட்டருக்கு மேல போகணும், ஏத்தத்துல அந்த வேகம் வராதப்ப சுத்து கொறையும், முட்டிதான் வாங்கிக்கும். பின்னாடி கேசட்ட, அதாவது பல்லுச் சக்கர அடுக்க மட்டும் 32 இல்லாட்டி 34 பல்லு உள்ளதா மாத்துங்க, செயின ஒரு பல்லுச் சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற பின்னாடி டீரெய்லர் அத்தன பெரிய பல்ல ஏத்துக்குமான்னு கடைல காட்டிக் கேட்டுக்கோங்க, செயினும் கூடவே நீளம் பாத்து மாத்தணும். இத கடைசி வாரத்துல பண்ணாதீங்க, மாத்தி ஓட்டிப் பாக்க நாள் வேணும்.

பழகறதுக்கு சென்னிமலை வாங்க. கோயிலுக்குப் போற வண்டிப் பாதை இருக்குதுல்ல, வெடியால ரெண்டு மூணு தடவ ஏறி எறங்குங்க. ஏத்தம் பழகறதுக்கு மட்டும் இல்ல, எறக்கத்துல பிரேக்கு புடிக்கப் பழகறதுக்கும் அதுதான் எடம். கிருத்திகை, சஷ்டி நாள உட்டுட்டு வாங்க.

நான் மெயினா சொல்ல வந்தது எறக்கத்தப் பத்திங்க. எல்லாரும் ஏத்தத்துக்குத்தான் பயப்படறாங்க, ஏத்தத்துல முடியலைன்னா எறங்கித் தள்ளிட்டுப் போலாம், ஒண்ணும் ஆகாது. எறக்கத்துல பிரேக்கு போச்சுன்னா தள்ளற வேலையே இல்ல. சைக்கிளும் ஆளும் மூட்டையும் சேந்து 90 கிலோன்னு வெச்சுக்கோங்க, ஆயரத்து நானூறு மீட்டர் கீழ வர்றப்ப அந்த சக்தி அத்தனையும் எங்கயாச்சும் போயாகணும், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட நாலு லிட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வெக்கற சூடுங்க. காத்து கொஞ்சம் தின்னுக்கும், மீதி பிரேக்குலதான் எறங்கும். பிரேக்க லேசாப் புடிச்சுட்டே வந்தீங்கன்னா ரிம்மு காஞ்சு உள்ள டியூப்பே வெடிக்கும். அதனால நல்லா அழுத்தி வேகத்தக் கொறைங்க, உட்ருங்க, ஆறட்டும், மறுபடி அழுத்துங்க. வளைவுக்குள்ள போயி பிரேக்கு புடிக்காதீங்க, வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்த எறக்கிட்டு உருண்டு திரும்பணும், தேயிலை சருகு, டீசல் கறை, மண்ணு எது கெடந்தாலும் அங்க பிரேக்கு புடிச்சா சறுக்கும். நாலஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா நின்னு கை விரலயும் ரிம்மையும் ஆற உடுங்க, டிஸ்க்கத் தொட்டறாதீங்க, தோலு உரிஞ்சுரும். பிரேக்கு கட்டை புதுசா மாத்துங்க, கேபிளும் மாத்துங்க, ரெண்டும் சேத்து பெருசா ஒண்ணும் செலவாகாது.

பெடல்_மேட்டுப்பாளையம்:

ஈரோட்டுக்காரர் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. ஏறறப்ப வலது பக்கம் திரும்பற வளைவுல நம்ம இடது ஓரம் வெளி வட்டமா வரும், அங்க ஏத்தம் கம்மி, சித்த மூச்சு வாங்கிக்கலாம். இடது பக்கம் திரும்பற வளைவுல நம்ம ஓரம் உள் வட்டம், சுருக்குனு செங்குத்தா வரும், அதுக்கு முன்னாடியே சின்ன கியருக்கு மாத்திருங்க, வளைவுல அழுத்திட்டு இருக்கறப்ப மாத்துனா செயின் கழண்டுக்கும். பஸ்ஸு வளைவுல முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், ஆரன் சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஓரங்கட்டி நின்னு அது போனப்பறம் போங்க.

அரைமணிக்கு ஒருக்கா வாய்ல எதாச்சும் போட்டுக்கோங்க, கடலமுட்டாய், வாழப்பழம், எலுமிச்சம்பழத் தண்ணில உப்பும் சக்கரையும். பசிச்சப்பறம் சாப்புட்டா லேட்டு, காலு வராது. மொத நா ராத்திரி நல்லா அரிசிம்பருப்புச் சோறு சாப்புட்டுத் தூங்குங்க.

குளிரு மறந்தரப்போறீங்க. கீழ விட மேல எட்டு ஒம்பது டிகிரி கம்மியா இருக்கும், எறங்கறப்ப காத்து வேற அடிக்கும், வெரலு மரத்துப் போச்சுன்னா பிரேக்கு அழுத்தவே வராது. காத்தடைக்கற மெல்லிசு கோட்டும் முழு கையுறையும் கட்டாயம்.

அரவேணு_தோட்டம்:

மறுநாள் எறங்கறதுக்கு அவசரப்பட வேண்டாங்க. வெடியால மேகம் எறங்கி நின்னுச்சுன்னா பத்தடிக்கு அக்கட்ட தெரியாது, ஒம்பது மணிக்கு மேல வெயில் வந்து ரோடு காஞ்சப்பறம் எறங்குங்க. அந்த நேரத்துல கன்னேரிமுக்குல சல்லிவன் பங்களா பாத்துட்டு வந்தரலாம், கோத்தகிரில இருந்து கிட்டத்துலதான். கோயமுத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரரு சல்லிவன், 1819ல அவரு மொதல்ல இந்தப் பக்கம்தான் மலையேறி வந்து ஊடு கட்டுனது, ஊட்டியெல்லாம் அதுக்கப்பறந்தான். நீங்க ஏறப்போறதும் அந்தப் பக்கத்து மலைதான்னு தெரிஞ்சுட்டு ஏறுனா இன்னும் நல்லா இருக்கும். முன்னாடி பின்னாடி லைட்டு ரெண்டும் பகல்லயும் எரியட்டும்.

வாய்க்காமேடு_கோபி:

கேசட்டும் பிரேக்கு கட்டையும் இந்த வாரமே மாத்தக் குடுக்கறோம், அப்பறம் ஒவ்வொரு ஞாயிறும் சென்னிமலை. ஏறறப்ப யாருக்காச்சும் முடியாமப் போனா பஸ்ஸுல சைக்கிள் ஏத்துவாங்களா, இல்ல தனியா வண்டி சொல்லி வெக்கணுமுங்களா?

பெடல்_மேட்டுப்பாளையம்:

பஸ்ஸ நம்பாதீங்க, கூட்டமா இருந்தா ஏத்த மாட்டாங்க. மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுல கெழங்கு, காய் எறக்கிட்டு கோத்தகிரிக்குக் காலியாத் திரும்பற டெம்போ, டாட்டா ஏஸ் நெறைய இருக்கும், மொத நாளே உங்க ஒறம்பரைகிட்டச் சொல்லி ஒருத்தர் நம்பரு வாங்கி வெச்சுக்கோங்க. மூணு சைக்கிளும் படுக்கப் போட்டாப் பத்தும், அடில சாக்கு விரிச்சு டீரெய்லர் பக்கம் மேல இருக்கற மாதிரி வெக்கச் சொல்லுங்க.