கடைசல் உளி: எதை வாங்க, எப்படிச் சாணை பிடிக்க?

சேரன்மகாதேவி வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட வேலையிலிருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க முடியாமல் பழைய மரக்கடைசல் மெஷின் ஒன்றை வாங்கி மாட்டுத் தொழுவத்தில் போட்டிருக்கிறேன் (மாட்டை விற்று மூன்று வருஷம் ஆகிறது). கூடவே ஆன்லைனில் எட்டு உளி உள்ள செட் ஒன்று, 2,200 ரூபாய். தொல்லையே அதில்தான். பூவரசங்கட்டையில் பத்து நிமிஷம் கடைந்தால் முனை மொட்டையாகிவிடுகிறது. கத்தி சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். முனை நீலமாகித் திரும்பி வந்தது. அதன்பிறகு ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

போன வாரம் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கிண்ணம் கடையலாம் என்று செட்டிலேயே அகலமான குழி உளியை எடுத்து வைத்தேன். டப்பென்று கொத்தியது. உளி கையை விட்டுப் பறந்து கூரை ஓட்டில் பட்டது. எடுத்துப் பார்த்தால் பிடிக்குள் போகும் வால் வளைந்திருக்கிறது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரி தொழுவத்துக்கு வெளியே நின்றுதான் காப்பி தருகிறாள்.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. குழி உளியில் எதை வாங்க? பிடி போட்டதா, வெறும் உளியா? சாணைக்கு என்ன செய்ய?

அம்பை கடைசல்காரன்:
சார், ஓட்டோடு போயிற்றே, அதுவரை நல்லது. அந்த அகல உளியை இனிமேல் கிண்ணத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கட்டில்கால், தூண் மாதிரி நார் நீளவாக்கில் ஓடும் கட்டையை உருட்டாக்க மட்டும்தான் அது. கிண்ணக்கட்டையில் நார் குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நாரின் வெட்டுமுனை உளிக்கு எதிரே வந்து மோதும். மெல்லிய வால் அதைத் தாங்காது. கிண்ணத்துக்கென்று வரும் குழி உளி முழு உருண்டைக் கம்பியில் குழி அறுத்துச் செய்தது. கம்பி அதே கனத்தில் பிடிக்குள் போகும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சொப்புச் சாமான் கடைகிறவர்கள். அப்பா காலத்தில் எல்லா உளியும் கொல்லன் பட்டறையில் பழைய அரத்தை அடித்துச் செய்ததுதான். நல்ல இரும்பு, ஆனால் சூடு ஆகாது. சாணையில் நீலம் ஏறினால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் உளியிலும் அதுதான் நடந்திருக்கிறது. தூக்கிப் போடாதீர்கள், நீலம் போகும்வரை மெதுவாக, அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அடியில் பழைய இரும்பு இருக்கும்.

புதிதாக வாங்குவதை ஹைஸ்பீடு ஸ்டீலில் வாங்குங்கள். அது நீலமானாலும் பதம் இறங்காது. ஆனால் அதைச் சுடச்சுடத் தண்ணீரில் முக்கக் கூடாது, முனையில் மயிரிழை விரிசல் விடும். அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை, பக்கத்தில் தகர டப்பாவில் தண்ணீர் இல்லாமல் சாணையில் உட்கார மாட்டார்.

உங்களுக்கு இரண்டு உளி போதும். கிண்ணத்துக்கு ஒன்று, நீளக்கட்டை வேலைக்கு ஒன்று. அளவு கேட்கும்போது கவனம்: இங்கிலாந்துக்காரர்கள் குழியின் அகலத்தைச் சொல்வார்கள், அமெரிக்கக்காரர்கள் கம்பியின் கனத்தை. இங்கிலாந்தில் 3/8 அங்குலம் என்பது அமெரிக்காவில் 1/2 அங்குலம். ஒரே உளிதான். உங்களுக்கு அந்த அரை அங்குலக் கம்பி சரியாக இருக்கும்.

மீதிப் பணம் சாணைக்கு. எட்டு உளி வைத்துக்கொண்டு சாணை இல்லாதவனைவிட ஒரு உளியும் சாணையும் உள்ளவன் பாடு தேவலை. சாணை மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்றில் கிடைத்தால் எடுங்கள்; 2,800 சுற்றுக்காரனில் கை பழகுவதற்குள் பாதி உளி பொடியாகிவிடும். அதோடு வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கல், 80 நம்பர் போடுங்கள். மாட்டுவதற்கு முன் கல்லின் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு மரப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கிணீரென்றால் நல்ல கல். சொத்தென்று கேட்டால் விரிசல், கடைக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள்.

பிடி நீங்களே கடையுங்கள். கடைசல் மெஷின் வைத்துக்கொண்டு பிடியை விலைக்கு வாங்குவது தோட்டத்தில் வாழை இருக்க இலை வாங்குவது மாதிரி. நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டை. முதலில் துளை போட்டு, அந்தத் துளையிலேயே மெஷினின் முனையைக் கொடுத்துப் பிறகு கடையுங்கள். அப்போதுதான் உளி நேராக நிற்கும். கிண்ண உளிக்கு 16 அங்குலம், மற்றதற்கு 11 போதும். பூணுக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு. அப்பா மிஞ்சின அரக்கை உருக்கி, செங்கல் பொடி சேர்த்து ஊற்றித்தான் உளியை இறுக்குவார். நான் அரால்டைட் பசை.

பாளை பையன்:
அண்ணாச்சி சொல்வதெல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். அவருக்கு முப்பது வருஷக் கை. வாத்தியார் சார் வெறுங்கையில் பிடித்தால் முனை பல கட்டமாக, வைரம் பட்டை தீட்டின மாதிரி வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. உளியைப் பிடித்து ஆட்டிக்கொடுக்கும் ஜிக் ஒன்று வாங்கிவிடுங்கள். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு, மோட்டாரைப் போடாமல் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. நடுவில் அழியும்வரை ஜிக்கை நகர்த்துங்கள். கிண்ண உளிக்கு 55 டிகிரி, இன்னொன்றுக்கு 40 என்று நான் வைத்திருக்கிறேன்.

சிபிஎன் சக்கரம் (கல்லுக்குப் பதிலாக, மிகக் கடினமான துகள் பூசிய சாணைச் சக்கரம்) இப்போது வேண்டாம். லேசில் தேயாது, அருமையான சாமான்தான், ஆனால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் பழைய செட்டை அதில் தேய்த்தால் அடைத்தும் கொள்ளும்.

அம்பை கடைசல்காரன்:
ஜிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. வாங்கட்டும். ஆனால் தட்டை உளியையாவது கையால் பிடித்துப் பழகட்டும். ஒன்று மறந்துவிட்டேன்: முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள் சார். வெள்ளைக்கோடு மின்னினால் மொட்டை. கூரான முனை கண்ணுக்கே தெரியாது.

சேரன்மகாதேவி வாத்தியார்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு உளி, மெதுவாகச் சுற்றும் மோட்டார், வெள்ளைக் கல், ஜிக் எல்லாம் வந்துவிட்டது. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் சேர்த்து 16,300. தொழுவத்தில் மாடு கட்டின கருவேலங்கட்டையையே பிடியாக்கிவிட்டேன். முதல் பிடி கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது, ஆனால் கைக்கு இதமாக இருக்கிறது. நேற்று தூங்குமூஞ்சியில் சுருள் சுருளாக வந்தது, தூசியே இல்லை! வீட்டுக்காரி உள்ளே வந்து பார்த்தாள்.

ஒரே ஒரு குறை. வட்டமாகக் கடைந்த கிண்ணம் இன்று காலை பார்த்தால் முட்டை வடிவத்தில் இருக்கிறது. இதற்கும் உளிதான் காரணமா?

அம்பை கடைசல்காரன்:
உளி இல்லை சார், ஈரக்கட்டை. அடுத்த தடவை முதலில் தடிமனாகக் கடையுங்கள், பத்து அங்குலக் கிண்ணம் என்றால் ஒரு அங்குலச் சுவர். அதைக் காகிதத்தில் சுற்றி நிழலில் போட்டுவிட்டுச் சில மாதம் மறந்துவிடுங்கள். கோணும் மட்டும் கோணி முடித்த பிறகு, திரும்ப மாட்டி வட்டமாக்கிக் கொள்ளலாம். இந்த முட்டையில் திருநீறு போட்டு வையுங்கள்.