வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் கமிஷனில் பங்கு கேட்கிறார்: இது லஞ்சமா?

கேள்வி — புதுத்தேர்வாளர்

வணக்கம். ஓர் ஆள்சேர்ப்பு ஏஜென்சியில் பணிபுரிகிறேன். நாங்கள் ஆள் எடுத்துத் தரும் நிறுவனமொன்றின் மனிதவள மேலாளர், காலியிடங்களை வேறு ஏஜென்சிகளுக்குத் தெரிவிக்காமல் எங்களுக்கே தருவதாகவும், அதற்கு ஈடாக ஒவ்வொரு நியமனத்திலும் எங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தம் உறவினரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும் கேட்கிறார். இதைப் 'பரிந்துரைக் கட்டணம்' என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் இயக்குநர். இதில் அரசு அதிகாரி எவரும் இல்லை. இரண்டுமே தனியார் நிறுவனங்கள். அப்படியிருக்க, இது லஞ்சமாகுமா?

பதில் — தணிக்கையாளர்

லஞ்சம்தான். பரிந்துரைக் கட்டணம் என்று முறையாக ஒன்று உண்டு. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, உரியவருக்கு நேரடியாகச் செலுத்தப்பட்டு, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிந்திருக்கும். இங்கே அந்த மேலாளர் விற்பது தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை, அதாவது முதலாளி அவரை நம்பி ஒப்படைத்த தேர்வு அதிகாரத்தை. உறவினரின் கணக்கைக் கேட்டதிலிருந்தே, முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம் என்று புரிகிறது.

அரசு ஊழியருக்குக் கொடுத்தால்தான் குற்றம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் 2003-இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்குவது பற்றி நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவில் கூறுகிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் ஒருபடி மேலே போய், தன் சார்பில் செயல்படுபவர் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கத் தவறிய நிறுவனத்தையும், போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று அது நிறுவாவிட்டால், குற்றவாளியாக்குகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் வழக்கறிஞரைக் கேளுங்கள். கணக்கில் பொய்த் தலைப்பிட்டு எழுதுவது தனிச் சிக்கல். பதிவு உங்கள் கையால் நடந்தால் பொறுப்பும் உங்களைத் தேடி வரும்.

பதில் — களப்பணியாளர்

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் பேச்சு முழுவதும் இரு நிறுவனங்களைப் பற்றியே இருக்கிறது. அந்தப் பங்கு யார் பையிலிருந்து வரும்? லாபத்தைக் குறைத்துக்கொள்ள ஏஜென்சிக்கு மனம் வராது. குறிப்பாகக் குறைந்த ஊதிய வேலைகளிலும் வெளிநாட்டு வேலைகளிலும் அது 'செயலாக்கச் செலவு', 'பயிற்சிக் கட்டணம்' என்று வேலை தேடுபவரின் தலையில் விழும். அவர் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பார். கடன் தீரும்வரை எவ்வளவு மோசமான வேலையையும் விட்டு விலக முடியாது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை (1997), சில விதிவிலக்குகள் தவிர, தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக்கூடாது என்கிறது. அதே அமைப்பு ஆள்சேர்ப்புச் செலவுகளுக்குத் தந்த வரையறை லஞ்சத்தையும் பங்குப்பணத்தையும் எந்நிலையிலும் நியாயமாகாத செலவுகளில் சேர்க்கிறது.

புதுத்தேர்வாளர்

நன்றி. பணத்தை மறுத்தபின், அவருடைய தம்பிக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை கொடுத்தால் போதும் என்கிறார். இதுவும் அதேதானா?

பதில் — தணிக்கையாளர்

அதேதான். ஜேபி மார்கன் வங்கி ஆசியாவில் தொழில் வாய்ப்புகளைப் பெறுவதற்காக அரசு அதிகாரிகளின் உறவினர்களையும் நண்பர்களையும் பணியில் அமர்த்தியது தொடர்பான வழக்குகளைத் தீர்க்க, 2016-இல் அமெரிக்க அமைப்புகளுக்கு 26 கோடி டாலருக்கும் மேல் செலுத்தியது. அங்கே மறுபுறம் இருந்தவர்கள் அரசு அதிகாரிகள் என்பது வேறுபாடு; ஆனால் வேலையே கையூட்டாகலாம் என்பது உங்களுக்கும் பொருந்தும். தம்பி தகுதியுள்ளவர் என்றால் எல்லோரையும் போல விண்ணப்பிக்கட்டும், தேர்வில் அண்ணனுடன் பேசும் எவரும் அமர வேண்டாம்.

இனி அந்த மேலாளருடன் தொலைபேசியில் பேசுவதைத் தவிர்த்து, கட்டணம் ஒப்பந்தப்படி அவருடைய நிறுவனத்தின் பெயரில் மட்டுமே கணக்கிடப்படும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். இயக்குநர் மீண்டும் வற்புறுத்தினால் அந்த உத்தரவை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்.