புதுச் சவரக்கத்தி: முதல் சவரத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது?

நெய்வேலிக்காரன்:
ஜெர்மனியின் சொலிங்கனில் செய்த கத்தி, ஐந்தெட்டு (5/8 அங்குலம்) அகலம். விற்றவர் ‘ஷேவ் ரெடி’ என்று போட்டிருந்தார், அதற்காகவே கூடுதல் காசும் வாங்கினார். வந்ததும் எண்ணெயை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவித் துடைத்தேன். சீப்பில் இருந்த ஒரு முடியை எடுத்து, கத்தி வாயின் மேல் தொங்கவிட்டுப் பார்த்தேன். பிடிப் பக்கத்தில் தொட்டதுமே முடி இரண்டாகி விழுந்தது. நடுவிலும் அப்படியே. கடைசி அரை அங்குலம் வந்ததும் முடி வளைந்து வழுக்கிக்கொண்டே போகிறது, வெட்டவே இல்லை.

கத்தியை நிமிர்த்தி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். கூர் இருக்கிற வாய் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியக் கூடாது இல்லையா? நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு மின்னுகிறது. அந்தக் கோடு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மூக்குக்குக் கீழே வேலை செய்வதே அந்த நுனிதான். அதை விட்டுவிட்டு மீதியைத் தீட்டி ‘ரெடி’ என்று ஒருவர் எப்படி அனுப்புகிறார்? வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

கடைப்பிள்ளை:
அப்பா சலூன் வைத்திருந்தவர். ஆளுக்கு ஒரு பாதி பிளேடு மாற்றுகிற கத்தி வந்த பிறகு அவருடைய பழைய கத்திகள் டிராயருக்குள் போய்விட்டன. நான் பிரான்சின் தியேர் ஊரில் செய்த கத்தி ஒன்றை வாங்கி அவரிடம் காட்டினேன். பெட்டியையும் தங்க எழுத்தையும் அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தை நனைத்து, அதன் மேல் கத்தி வாயை அடியிலிருந்து நுனி வரை மெல்ல இழுத்தார். “இது இன்னும் கத்தி ஆகலடா” என்று சொல்லிவிட்டுக் கல்லை எடுத்து வைத்தார்.

முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும். அடியில் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி குறுக்காகத் தள்ளுவார், முதுகின் மேல் புரட்டி இந்தப் பக்கம் இழுப்பார். முதலில் கரகரவென்று சத்தம் வந்தது. போகப் போக அது தேய்ந்து, கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டே நகர்ந்தது. அப்போது தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார் பாருங்கள், அந்த முகம் மறக்காது. தோல் வாரில் இழுத்து முடித்ததும் என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. தன் கன்னத்தில் நுரை பூசி, முதல் இழுப்பைத் தானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ஈரக்கல்:
கடைப்பிள்ளை, உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் நகச் சோதனையை இங்கே படிக்கிற புதியவர்கள் யாரும் செய்யக் கூடாது. 12000 கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசு) வந்த கூரை நகம் ஒரே இழுப்பில் கெடுத்துவிடும்.

எனக்கு உறுத்துவது வாரைப் பற்றியது. நண்பர் வீட்டில் புதுக் கத்தி, புதுத் தோல் வார். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டாமல் வாயின் மேல் புரட்டினார். வாரின் நடுவில் தோல் சீவி எழுந்து நின்றது. கத்தியும் போச்சு, வாரும் போச்சு.

நெய்வேலி அண்ணாவுக்கு: வாயின் சரிவில் இரண்டு பக்கமும் மார்க்கர் மை தடவுங்கள். 8000 கல்லில் கையின் எடையே கொடுக்காமல் பக்கத்துக்கு ஓர் இழுப்பு. மை அழியாத இடத்தைக் கல் தொடவில்லை என்று அர்த்தம். நுனியில் மை நின்றால் விரலால் அமுக்காதீர்கள். இழுப்பு முடியும் இடத்தில் கத்தியை நுனிப் பக்கம் லேசாகச் சாய்த்துக் கொண்டுபோனால் போதும். அதிலும் சரியாகவில்லை என்றால் 4000, அப்புறம் 8000, 12000. வாயில் பொக்கை விழுந்திருந்தாலோ சரிவே கெட்டிருந்தாலோதான் 1000. கல் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதுகில் டேப் ஒட்டுவதென்றால் எல்லாக் கல்லுக்கும் ஒட்டுங்கள். கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகுதான், பாதியில் டேப்பை எடுத்தால் கோணம் மாறிவிடும். பச்சை குரோமியம் ஆக்சைடு பசையைத் துணி வாரில் மட்டும் தடவுங்கள், தோலில் வேண்டவே வேண்டாம். கல்லில் வாய் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால் போகும். துணியில் 20, தோலில் 50 இழுப்பு. வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

கடலோரத்தான்:
ஈரக்கல் சார், அவர் கல்லைப் பற்றிக் கேட்கவே இல்லையே. காசு வாங்கியவர்தான் நுனியைச் சரி செய்து தரவேண்டும், இவர் ஏன் மூன்று கல் வாங்கவேண்டும்?

எங்கள் பக்கம் உப்புக் காற்று. மச்சான் புதுக் கத்தியின் எண்ணெயைக் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று குளியலறை அலமாரியில் வைத்துவிட்டார். கார்பன் ஸ்டீல், சீக்கிரம் துருப்பிடிக்கும். ஞாயிறு காலையில் திறந்தால் வாயிலேயே கடுகை விடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தோம், அந்த இடத்தில் விளிம்பே இல்லை. ஒரு மயிர் கூடச் சிரைக்காமல் கத்தி கல்லுக்குப் போனது. சவரம் செய்யப்போகிற நேரம் வரை எண்ணெயைக் கழுவாதீர்கள். கழுவி வைத்துவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள்.

பவானிக்கரை:
நான் தீட்டித் தருகிற ஒருவரிடம் கொடுத்து வாங்கினேன். “முதல் சவரத்துக்கு முன் வாரில் இழுக்கவேண்டாம்” என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். வார் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன் அவர் போட்ட கூரை மழுக்கிவிட்டு அவரைக் குறை சொல்வான், அதனால்தான். அந்தச் சீட்டைப் பார்த்ததுமே இவர் நாணயமான ஆள் என்று தெரிந்தது.

கன்னத்தில் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 பாகையில் கத்தியை வைத்து இறக்கினேன். பிளேடில் கேட்காத ஒரு சத்தம், ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அறுபடுவது காதுக்குக் கேட்டது. அன்றைக்குக் கன்னங்கள் மட்டும்தான். தாடையையும் மேலுதட்டையும் பழைய ரேசரில் முடித்தேன். முதல் நாளே முழு முகத்தையும் எடுக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கடைப்பிள்ளை:
ஈரக்கல், நான் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். அப்பா நகத்தில் வைத்தது கல்லுக்கு முன்னால், கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்த வாயை. இரண்டு பக்கச் சரிவும் வாயில் சேர்ந்திருக்கிறதா, எங்காவது தடுக்கிறதா என்று அப்போதுதான் நகம் சொல்லும், அதில் கெட்டுப்போக அங்கே கூரே இல்லை. நீங்கள் சொல்வது 12000க்கு அப்புறம் சரி. அந்தக் கட்டத்தில் அவர் நகத்தின் பக்கமே கத்தியைக் கொண்டுபோகவில்லை.