கணப்பில் விறகோடு தூள் போடலாமா? (டெல்லி)

சிவில்லைன்ஸ்வாசி:
பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தில் சுவரோடு கட்டிய கணப்பு உண்டு. ஹீட்டர் காற்றில் மாமியாருக்குக் கண் வறண்டுபோகிறது, அதனால் ராத்திரியில் விறகுதான். இப்போது புகை கூடத்துக்குள் திரும்புகிறது. புகைபோக்கிக்குள் தார் மாதிரி பளபளவென்று படிந்திருக்கிறது. டால்காரர் (விறகுக் கடைக்காரர்) பெயர் போடாத பொட்டலத்தில் ஒரு தூள் கொடுத்து, நெருப்பில் தூவினால் தானே சுத்தமாகும் என்கிறார். தூவினால் பச்சையும் நீலமுமாக எரிகிறது. தொடரலாமா?

மயூர்விஹார் மாமா:
எதிர்வீட்டு சர்தார்ஜி கல்லுப்புதான் போடுவார். ஒன்றும் ஆகாதும்மா.

ரிட்டயர்டு பாய்லர்:
உப்பு வேண்டாம் மாமா, அதிலுள்ள குளோரின் இரும்பை அரிக்கும். பச்சை, நீலம் என்றால் பெரும்பாலும் தாமிர உப்பு. அது புகைக்கரி குறைந்த சூட்டிலேயே எரிய உதவும், உலர்ந்த புகைக்கரிக்குச் சரி. உங்களுடையது கிரியோசோட், அதாவது விறகுப் புகை படிந்து உண்டாகும் தார். தூள் அதை உலர்த்தி உதிரவைக்கலாம், அவ்வளவுதான். ஆள் ஏறிச் சுரண்டியே ஆகவேண்டும். அந்தத் தார் தீப்பிடித்தால் சூடு 1000 டிகிரியைத் தாண்டும், பழைய செங்கல் வெடித்துவிடும். தாமிரமும் குளோரினும் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் வேறு உண்டாகும். உங்களுக்கோ புகை வீட்டுக்குள் வருகிறது. என்ன விறகு? எப்படி எரிக்கிறீர்கள்?

சிவில்லைன்ஸ்வாசி:
கீகர் (கருவேலம்), சார். டாலில் மூடாமல்தான் கிடக்கிறது. விடியும்வரை தணல் இருக்கட்டும் என்று பெரிய கட்டையாகப் போட்டு, புகைபோக்கித் தகட்டைப் பாதி மூடிவிடுவோம்.

ரிட்டயர்டு பாய்லர்:
தார் வந்த வழி அதுதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரிக்கிற விறகில் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஈரக் கட்டை காற்றில்லாமல் புகைந்தால், புகை குளிர்ந்த சுவரில் பட்டுத் தாராக இறங்கும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று கேட்டால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம். அதைவிட முக்கியம், தணல் இருக்கும்போது தகட்டை மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அங்கீடியை (கரியடுப்பை) உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் செத்த செய்தி இந்த ஊரில் குளிர்காலம்தோறும் வருகிறதே! சுரண்டி முடிக்கும்வரை பற்றவைக்கவே வேண்டாம்.

ஆர்கேபுரம்காரன்:
எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் வாங்குங்கள், அதில் விசிறி கிடையாது. காற்று மாசு கூடும்போது இங்கே வரும் கிராப் (GRAP) கட்டுப்பாட்டில் ஹோட்டல் தந்தூருக்கே விறகு போடக்கூடாது, காவலாளிகளுக்குக்கூட மின் ஹீட்டர்தான் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சிவில்லைன்ஸ்வாசி:
சரி, சுரண்ட ஆள் தேடுகிறேன். அப்புறம், தூள் கலந்த சாம்பலை மாமியார் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுகிறார். பரவாயில்லையா?

ரிட்டயர்டு பாய்லர்:
போடாதீர்கள். தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டி மண்ணை மாற்றிவிடுங்கள்.