டி-ஸ்கோர் மைனஸ் 2.2: மாத்திரை வாங்கினால் காசுக்குப் பலன் உண்டா?

மஞ்சக்குப்பம் பார்மசி
வணக்கம். மாதவிடாய் நின்ற பெண்கள் பலர் டெக்ஸா (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு கடைக்கு வருகிறார்கள். எலும்பு முறிந்ததில்லை, டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.2. எலும்புப்புரை மாத்திரையை இப்போதே ஆரம்பிப்பது செலவுக்குத் தகுமா? பத்தாண்டில் இடுப்பெலும்பு முறிய 3% வாய்ப்பு இருந்தால் மருந்து என்கிற அமெரிக்க வரம்பைக் கடலூரில் அப்படியே வைக்கலாமா?

புதுவை எலும்பியல்
அப்படியே வைக்கக் கூடாது சார். 2008-ல் அந்த 3% வந்தது ஒரு விலைக் கணக்கிலிருந்து: மருந்துக்கு ஆண்டுக்கு 600 டாலர், 5 ஆண்டு சிகிச்சை, முறிவு 35% குறையும். எலும்புப்புரை மாத்திரையான ஜெனரிக் அலெண்ட்ரோனேட்டின் விலை இறங்க இறங்க அந்த வரம்பும் இறங்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 100 பெண்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 5 ஆண்டுக்கு 10 லட்சம். மருந்து முறிவில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கிறது என்போம். அந்த 5 ஆண்டில் 3 பேருக்கு இடுப்பு முறியக்கூடிய கூட்டம் என்றால், 10 லட்சம் செலவழித்து ஒரு முறிவைத் தடுக்கிறோம். 9 பேருக்கு முறியக்கூடிய கூட்டம் என்றால் மூன்று தடுக்கும், ஒன்றுக்கு 3.3 லட்சம்தான். டி-ஸ்கோர் ஒன்றாகவே இருந்தாலும் 54 வயதும் 74 வயதும் ஒன்றல்ல என்பது இதனால்தான்.

ஆகவே முறிவு வாய்ப்பைக் கணக்கிடும் இணையக் கருவியான ஃபிராக்ஸில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, தொடை எலும்புக் கழுத்தின் அளவைப் போடுங்கள். இலவச முகாமில் குதிகாலில் எடுத்த அளவு அதற்கு உதவாது. பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா, முடக்குவாதம் உண்டா என்பதையும் கேளுங்கள். 54 வயது, வேறு ஆபத்து எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஆனால் மைனஸ் 2.2, எலும்புப்புரை எல்லையான மைனஸ் 2.5-க்கு மிக அருகில் இருப்பதால் ஓரிரு ஆண்டில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இடுப்போ முதுகெலும்போ சாதாரணமாக விழுந்து ஏற்கெனவே முறிந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், மருந்து தொடங்க வேண்டியதுதான். முதுகெலும்பு முறிவு பலருக்கு வலியே இல்லாமல் போய்விடும். உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தால் முதலில் பக்கவாட்டு எக்ஸ்ரே. குறைந்த செலவில் முடிவையே மாற்றக்கூடிய பரிசோதனை அது.

கடலூர் செவிலியர்
காசு வீணாவது பெரும்பாலும் வீட்டில், விடிகாலைக் காபியில். அலெண்ட்ரோனேட் வெறும் வயிற்றிலேயே 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடலில் சேரும். காபியோடு விழுங்கினால் அதிலும் 60% போய்விடும். வாரம் ஒரே நாள், 70 மி.கி., எழுந்ததும் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீர். பிறகு அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், பலர் மாத்திரையை நிறுத்துவது அதனால்தான். கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் பார்மசி
நன்றி. வாராவாரம் மறப்பவர்களுக்கு ஊசி லாபமா?

புதுவை எலும்பியல்
ஆண்டுக்கு ஒரு முறை 5 மி.கி. ஜோலெட்ரோனிக் அமிலம் அவர்களுக்குப் பொருந்தும். முன்னதாக வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, பல் பிடுங்க வேண்டியிருந்தால் முடித்துவிடச் சொல்லுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மி.லி.-க்குக் கீழ் என்றால் கூடாது. முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பாராசிட்டமால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியான டெனோசுமாபைத் தவணை தவறக்கூடியவர்களுக்குத் தொடங்கவே வேண்டாம். வேறு மருந்துக்கு மாற்றாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியும் அபாயம் உண்டு.