ஒரே திருத்தத்தை 31 தடவை எழுதியிருந்தேன்

ரங்கூனிலிருந்து:

வீட்டிலேயே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன், 17 வருஷமாக. காலையில் ஒரு செட், சாயங்காலம் இரண்டு செட். பாதி நம் தமிழ்ப் பிள்ளைகள், பாதி பர்மியப் பிள்ளைகள். எல்லோருக்கும் நான் ஸயாமாதான், பர்மியத்தில் டீச்சர் என்று அர்த்தம்.

போன வருஷம் தடிங்ஜுட் என்ற பர்மிய விளக்குத் திருவிழா சமயத்தில் நடந்தது இது. புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர் என்ற வரிசையில் ஐந்தாவதாக ஆசிரியரையும் வைத்துக் கும்பிடும் ஊர் இது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு என்னைக் கும்பிட்டார்கள். மற்ற வருஷங்களில் எனக்குக் கண் கலங்கிவிடும். அன்றைக்கு, இவர்கள் சீக்கிரம் கிளம்பினால் தேவலையே என்றிருந்தது. அவர்கள் போன பிறகு அதை நினைத்து பயந்துபோனேன்.

பல மாதமாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போகாது. பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் ‘நீ, அடுத்தது நீ’ என்று கை காட்ட ஆரம்பித்திருந்தேன். என்ன சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைக் களைப்பை வகைப்படுத்தியபோது இந்த மூன்றையும்தான் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்றது. படித்ததும் கொஞ்சம் நிம்மதி. என்னிடம் குறை இருக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு பையன் நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனான். நம் தமிழ்ப் பையன், பத்தாவது. கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் ஜூன் மாதத்திலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதியிருக்கிறான். ‘கோ’வை அடித்து, மேலே சிவப்பில் ‘வெண்ட்’ என்று நான் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் ‘ஐ ஸீ’, மேலே ‘ஸா’. அதற்கடுத்த வாரம் மறுபடியும் ‘கோ’. எண்ணிப் பார்த்தேன். இறந்தகாலத்துக்கு மட்டும் 31 திருத்தம், எல்லாம் என் கையெழுத்து. அவன் கையெழுத்தில் ஒன்றுகூட இல்லை.

அம்மா எழுந்து வந்து, “இன்னும் படுக்கலையாம்மா, மணி என்ன ஆகுது?” என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கங்களைப் பார்த்துவிட்டு, “நீதானே எல்லாத்தையும் எழுதியிருக்கே, பையன் எங்கே எழுதினான்?” என்றார்.

எவ்வளவு வேலை செய்தேன் என்பதைவிட, செய்ததெல்லாம் அவனிடம் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் என்னைக் களைத்துப்போக வைத்திருக்கிறது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, “வீட்டில் அம்மாவிடம் ‘நேற்று நான் போகிறேன்’ என்று சொல்வாயா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டான். “போனேன் என்றுதான் சொல்வேன் ஸயாமா.” சரி, அதையே இங்கிலீஷிலும் செய் என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனே பேனாவை எடுத்து நான்கு இடத்தில் திருத்தினான்.

பள்ளியில் முழுக்கப் பர்மியம் பேசுகிற பிள்ளை இவன். பர்மியத்தில் ‘துவா டே’ என்றால் போனேன் என்றும் வரும், போகிறேன் என்றும் வரும். காலத்தை ‘நேற்று’ என்ற சொல்லே காட்டிவிடும், வினை மாறாது. நம் தமிழில் வினையே காலத்தைச் சொல்லும். அவன் நாக்கில் ஏற்கெனவே இருந்த பாடத்தை இத்தனை நாள் நான் தொடவே இல்லை. வீட்டுத் தமிழைக் கூச்சத்தோடு ஒளித்துவைக்கும் பிள்ளைகளுக்கு, அது இங்கிலீஷுக்கே உதவும் என்று தெரியும்போது முகத்தில் வருகிற வெளிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு நோட்டில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறேன். இந்த வாரம் காலம் என்றால் காலம் மட்டும். பிழை உள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எந்தச் சொல் என்பதை அவர்களே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அதற்கு வகுப்பிலேயே பத்து நிமிஷம். கடைசியில் ஒரு வரி எழுதுகிறேன், மதிப்பெண் போடுவதில்லை. ரூத் பட்லர் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் போய்விட்டது. நம் பிள்ளைகளும் அப்படித்தானே, எண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுவார்கள்.

பேச்சிலும் இதே கதைதான். ‘லைக்’, ‘லைட்’, ‘லைஃப்’ மூன்றும் ‘லாய்’ என்று பாதியில் நின்றுவிடும், பர்மியத்தில் சொல்லின் கடைசியில் அந்த ஒலிகள் வராததால். முன்பு நான் சரியான உச்சரிப்பை மெதுவாகத் திருப்பிச் சொல்வேன். அவர்கள் ‘ஆமாம் ஸயாமா’ என்று மேலே போய்விடுவார்கள். ஆசிரியர்கள் அதிகம் செய்வது இதைத்தான், பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இதில்தான் மிகக் குறைவு என்று கனடா வகுப்பறைகளை வைத்து லிஸ்டர், ரன்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். இப்போது நான் திருப்பிச் சொல்வதில்லை. ‘கடைசி எழுத்து எங்கே?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டேன். வருமானம் குறைந்தது, வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் இல்லாமல், எந்தப் புள்ளி வைத்தும் நான் மீண்டிருக்க மாட்டேன்.

மோல்மேனிலிருந்து:

அக்கா, உங்கள் 31ஐப் படித்துவிட்டு என் பிள்ளைகள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண்ணவில்லை, மனசு வரவில்லை.

எனக்கு வேறொரு தொல்லை. பாடம் முடிந்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்பேன். வகுப்பே ‘நாலே பா டே ஸயா’, புரிந்தது சார் என்று ஒரே குரலில் சொல்லும். அடுத்த நாள் ஒருவருக்கும் தெரியாது. புரியவில்லை என்று சொன்னால் ஸயா மனம் நோகுமே என்கிற தயக்கம் அது, பர்மியத்தில் ஆனாடே என்பார்கள். அதைப் பொய் என்று நினைத்து எத்தனையோ நாள் கோபப்பட்டிருக்கிறேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். கிளம்பும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில், இன்றைக்குக் கஷ்டமாக இருந்தது எது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும், பேர் போட வேண்டாம். முதல் நாளே ஒரு துண்டில், ‘ஸயா கேள்வி கேட்டதும் ஸயாவே பதில் சொல்லிவிடுகிறீர்கள்’ என்று இருந்தது. உண்மைதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பதில் நீளும் என்று மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் எழுதியதைப் பிறகு படித்தேன். மேஜைக்குக் கீழே விரல் விட்டு எண்ணிக்கொள்கிறேன். மூன்றாவது விரலில் பெரும்பாலும் யாராவது வாய் திறக்கிறார்கள்.

பெகுவிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை அக்கா. மார்ச் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கிறேன். சிவப்பு மை இல்லாத நோட்டைப் பார்த்தால், டீச்சர் படிக்கவே இல்லை என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். போன மாதம் ஓர் அப்பா பிள்ளையை வேறு இடத்துக்கே மாற்றிவிட்டார். நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ரங்கூனிலிருந்து:

தம்பி, எனக்கும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். பரீட்சை வகுப்புக்கு மாதம் ஒரு கட்டுரையை மட்டும் முழுக்கத் திருத்தி மதிப்பெண்ணும் போட்டுக் கொடுக்கிறேன், அது தேவைதான். மற்றபடி பெற்றோர் வந்தால் பாயைப் போட்டு உட்காரவைத்து, ஜூன் மாதத்து ஒரு பக்கத்தையும் இந்த மாதத்து ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவேன். நான் பேசுவதில்லை. பிள்ளையே எடுத்துச் சொல்ல வேண்டும், இங்கே என்ன பிழை, எப்படித் திருத்தினேன் என்று.

நான் சொன்ன பையனின் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். மகன் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு புள்ளி வைத்த ஒரு வரியில் விரலை வைத்து, “இதில் என்ன தப்பு? நானே கண்டுபிடிக்கிறேன், நீ சொல்லாதே” என்றார்.