ஏசி சர்வீஸ் ஒத்த ஆளா பண்றேன், சீசன்ல வீட்டுக்குன்னு நேரமே இல்ல. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

தண்டை_ஏசி

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் பண்றேன். முன்னாடி ஒரு சர்வீஸ் சென்டர்ல இருந்தேன், இப்ப தனியா. ஹெல்பர்னு யாரும் இல்ல, போன் எடுக்கறது, ஏசி கழுவற ஜெட் பம்ப்ப வண்டில கட்டிக்கினு போறது, பிசிபி (ஏசி உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டு) போச்சுன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடறது, ராத்திரி உக்காந்து யாரு காசு தரணும்னு நோட்ல எழுதறது, எல்லாம் நான்தான்.

மார்ச் கடைசில ஆரம்பிச்சா ஜூன் வரைக்கும் நிக்க நேரம் இருக்காது, அக்னி நட்சத்திரத்துல கேக்கவே வேணாம். பசங்களுக்கு பெரிய லீவு விடறதும் அப்பதான். சரி ஞாயித்துக்கிழமயாவது வீட்ல இருக்கலாம்னு பாத்தா, வேலைக்கு போற கஸ்டமருங்க எல்லாம் அன்னிக்குதான் வீட்ல இருக்காங்க, அதனால அன்னிக்குதான் வர சொல்றாங்க, அவங்க லீவு நாள் எனக்கு ஃபுல் வேல நாள் ஆயிடுது. என் வீட்டம்மா எம்.சி.ரோட்ல துணிக்கடைக்கு போறாங்க, அவங்க வார லீவு வேற ஒரு நாள்ல வரும். நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற மாதிரி ஒரு நாள் அமையறதே இல்ல.

சின்னவன் ரெண்டாவது படிக்கறான். நான் சாப்பிட்டுனு இருக்கும்போது போன் அடிச்சா அவனே எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு "அப்பா நாளிக்கு காலைல வருவாரு, நீங்க எந்த தெரு"ன்னு கேக்கறான். பாக்கறவங்க சிரிக்கிறாங்க, எனக்கு அது மனசு கஷ்டமா இருக்கு.

வேணாம்னு சொல்லவும் முடியல. சீசன் காசுலதான் ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், மழை மாசமும் அதுலதான் ஓடுது. நான் போகலன்னா கஸ்டமர் போன்லயே ஆப்ல வேற ஆளு புக் பண்ணிடுவாங்க. தனியா தொழில் பண்ற அண்ணன் தம்பி அக்காங்க யாராவது சொல்லுங்க, வீட்டுக்கும் தொழிலுக்கும் எங்க கோடு போடறீங்க?

பெரம்பூர்_ரெஃப்ரி

தம்பி, நானும் இதே லைன்தான், பல வருஷமா தனியா ஓட்றேன். மே மாசத்துல கோடு போட முடியாது, அத ஜனவரிலயே போடணும்.

ஏப்ரல் மே மாசத்துல வர்ற கால் எல்லாம் என்னான்னு யோசிச்சு பாரு. மழைல இருந்து ஏசிய போடாம வச்சிருந்துட்டு வெயில் வந்ததும் ஆன் பண்ணுவாங்க, கூலிங் இல்லன்னு போன் வரும். பாதி எடத்துல வெறும் அழுக்குதான், வெட் சர்வீஸ், அதான் தண்ணி அடிச்சு கழுவனா சரியாயிடும். பொங்கல் முடிஞ்ச கையோட போன வருஷ நோட்ட எடுத்து எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடு, பிப்ரவரிக்குள்ள பண்ணிக்கினா ரேட்டு கம்மின்னு சொல்லு. வர்றவங்க வந்துடுவாங்க, அவ்ளோ கால் மே மாசத்துல கொறயும். இன்னும் கொஞ்சம் பழக்கமானவங்க கிட்ட ஏஎம்சி (வருஷ சர்வீஸ் ஒப்பந்தம்) பேசு, வருஷத்துக்கு இத்தன சர்வீஸ், எந்த மாசம்னு நீயே தேதி குறிச்சு குடு. காசு சீசன்லயே மொத்தமா வராம வருஷம் பூரா பிரிஞ்சு வரும். மழை மாசத்துக்கு காசு இருக்குன்னு தெரிஞ்சாதான் மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழம வேணாம்னு சொல்ல வாய் வரும்.

இன்னொண்ணு, காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் உப்புக்காத்துல அவுட்டோர் காயில் சீக்கிரம் அரிச்சுடும். கேஸ் லீக்னா நெறைய பேரு டாப் அப் பண்ணிட்டு வந்துடறாங்க, அது கொஞ்ச நாள்ல மறுபடி எறங்கும், கஸ்டமர் ராத்திரி பத்து மணிக்கு கத்துவாரு. லீக்க தேடி, பிரேசிங் அடிச்சு ஓட்டைய அடைச்சு, நைட்ரஜன் ஏத்தி ப்ரெஷர் நிக்குதான்னு பாத்து, வேக்யூம் போட்டு உள்ள இருக்கற காத்த உறிஞ்சிட்டு, அப்புறம் கேஸ் ஏத்து. அர நாள் போகும், ஆனா அந்த வீட்டுக்கு மறுபடி ஓட வேணாம். நம்ம நேரத்த திங்கறதே இந்த ரிட்டர்ன் கால்தான்.

ஏரியாவ பிரிச்சு வச்சுக்க. காலைல எர்ணாவூர், மதியம் வியாசர்பாடின்னு சுத்தனா ரோட்லயே பொழுது போயிடும், நடுவுல கொருக்குப்பேட்டைல ரயில்வே கேட்டு போட்டான்னா அங்கயே நிக்க வேண்டிதான்.

மின்ட்_டெய்லர்

நான் வீட்லயே ப்ளவுஸ் தைக்கறேன், கூட ஆரி ஒர்க்கும். எனக்கு கடையும் வீடும் ஒரே ரூம்பு தம்பி, நீங்களாவது வெளிய போய்ட்டு வர்றீங்க. முகூர்த்த மாசத்துல ராத்திரி ஒம்போதரைக்கு கதவ தட்டி "அக்கா, ஹூக் மட்டும் வச்சு குடுங்க"ன்னு நிப்பாங்க. பொண்ணு அந்தாண்ட படிச்சுனு இருப்பா.

நான் என்னா பண்ணேன்னா, வாசல்ல ஒரு போர்டு வச்சுட்டேன், அளவு குடுக்க வாங்க சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு மட்டும்னு. மொதல்ல கோச்சிக்கினாங்க. ரெண்டு மூணு பேரு வேற டெய்லர் கிட்ட போயிட்டாங்க, அதுல ஒருத்தங்க திரும்பி வரவே இல்ல, அதுவும் நெசம்தான். மத்தவங்க பழகிட்டாங்க. அவசரமா வேணும்னா அர்ஜென்ட் ரேட்டுன்னு தனியா வச்சேன், ரேட்ட சொன்னதும் பாதி பேருக்கு அவசரம் போயிடுது. நீங்களும் ஞாயித்துக்கிழமைக்கு தனி ரேட்டு வைங்க. அன்னிக்கேதான் வேணும்னு நெனக்கிறவங்க குடுப்பாங்க, மத்தவங்க சனிக்கிழம பர்மிஷன் போட்டு வீட்ல இருப்பாங்க.

உங்க போன்ல இருக்கற வாட்ஸ்அப்ப வாட்ஸ்அப் பிசினஸ்க்கு மாத்துங்க. அதுல எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் வேலன்னு போட்டு வச்சா, மத்த நேரத்துல மெசேஜ் பண்றவங்களுக்கு அதுவே பதில் போட்டுடும். பதில் வந்துட்டா ஜனங்க அமைதியாயிடறாங்க, பதில் வரலன்னாதான் திரும்ப திரும்ப அடிக்கிறாங்க.

ராயபுரம்_77

எல்லாரும் ஈஸியா சொல்றீங்க. எங்கப்பா மீன்பிடி வலை சரி பண்ற தொழில், மீன்பிடி தடைக்காலத்துலதான் அவருக்கு வேல குமியும், எங்களுக்கு லீவும் அப்பதான். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் கரைல நிக்கும், அந்த ரெண்டு மாசத்துல அவர வீட்ல பாக்கவே முடியாது. அதுக்காக நாங்க கெட்டுப் போயிடல, அந்த காசுலதான் படிச்சோம். சீசன் தொழில்ல சீசன விட்டா வருஷம் போச்சு. மூணு மாசம் குடும்பம் அட்ஜஸ்ட் பண்ணட்டும், நவம்பர்ல கூட இரு. பசங்களுக்கு எடுத்து சொன்னா புரியும்.

தண்டை_ஏசி

ராயபுரம் அண்ணா, நீங்க சொல்றது சரிதான், காச விட முடியாது. ஆனா நவம்பர்ல நான் வீட்ல இருக்கும்போது பசங்க ஸ்கூல்ல இருக்காங்க, அதான் எங்க வீட்டு பிரச்சனயே.

பெரம்பூர் அண்ணா, ஏஎம்சி விஷயம் நல்லா இருக்கு, இப்பவே நோட்ட எடுத்துட்டேன். போன எங்க வீட்டம்மா கிட்ட குடுத்து புக்கிங் மட்டும் பாத்துக்க சொல்லலாமான்னு ஒரு யோசன, யாராவது அப்படி பண்றீங்களா?

கொடுங்கையூர்_பிரஸ்_வீடு

அண்ணா, உங்க கடைசி லைன பாத்துட்டுதான் எழுதறேன். எங்க வீட்டுக்காரர் பத்திரிகை, விசிட்டிங் கார்டு பிரிண்டிங் தனியா பண்றாரு. அவரும் அப்படித்தான் போன என் கிட்ட குடுத்தாரு. நான் சமைக்கும்போது, பாப்பாக்கு தல வாரும்போது, குளிச்சுட்டு வந்தா இருபது மிஸ்டு கால். அவருக்கு பாரம் கொறஞ்சுது, அது அப்படியே என் தலைல ஏறிச்சு. உங்க வீட்டம்மா நாள் பூரா கடைல நின்னுட்டு வராங்க, கால் வலிக்க வர்றவங்க கைல போன குடுக்காதீங்க ப்ளீஸ். அவங்களா கேட்டு செஞ்சா அது வேற, அப்பவும் அதுக்கு இவ்ளோன்னு மாசா மாசம் அவங்க கணக்குல போடுங்க. எங்க வீட்ல இப்ப அப்படித்தான், என் பேர்ல தனி அக்கவுண்ட் இருக்கு, அதுக்கப்புறம்தான் இது நம்ம ரெண்டு பேரு தொழில்னு எனக்கே தோணுது.

நேரம் கம்மின்னு நாங்க சண்ட போட்டதில்ல. எப்ப வருவாருன்னு தெரியாம உக்காந்திருக்கறதுதான் தாங்க முடியாது. "பத்து நிமிஷத்துல வரேன்"னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் ஆகும், தோச மாவு எடுத்து வெளிய வச்சுட்டு பாத்துனு இருப்பேன். ஒம்போதரை ஆகும்னு மொதல்லயே சொல்லிட்டா நாங்க சாப்பிட்டு எங்க வேலய பாப்போம். உங்க வீட்டம்மாக்கு எந்த நாள் லீவோ அன்னிக்கு மதியம் மூணு மணியோட நீங்க முடிச்சுடுங்க. லீவுல பசங்க எப்படியும் வீட்லதான் இருப்பாங்க, அது ஞாயித்துக்கிழமயாதான் இருக்கணும்னு இல்லையே. சாயங்காலம் திருவொற்றியூர் கோயிலோ பீச்சோ எங்கயாவது கூட்டினு போங்க, போன வீட்ல வச்சுட்டு போங்க.

பெரம்பூர்_ரெஃப்ரி

தங்கச்சி சொல்றதுதான் ரைட்டு. புக்கிங்குக்கு வீட்ல இழுக்க வேணாம் தம்பி. நானும் மூலக்கடைல இருக்கற ஒருத்தரும் பேசி வச்சிருக்கோம், நான் வராத நாள் என் கஸ்டமருக்கு அவர் போவாரு, அவர் வராத நாள் நான். அவன் கஸ்டமர இவன் இழுக்கறதில்லன்னு பேச்சு, இதுவரைக்கும் நடக்குது. உன் ஏரியால யோக்கியமான ஆளு ஒருத்தர பாத்து வச்சுக்க.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். சன்ஷேட்ல ஏறி அவுட்டோர் கழுவற தொழில் நம்மளுது, கீழ விழுந்தா அன்னிக்கே வருமானம் நின்னுடும், கம்பெனில வேல பாக்கறவங்களுக்கு இருக்கற இஎஸ்ஐ இன்சூரன்ஸ் நமக்கு கெடயாது. பேங்க்ல பிரதம மந்திரி சுரக்ஷா பீமா போட்டுடு, வருஷத்துக்கு 20 ரூவாதான், ஜூன் 1லேர்ந்து மே 31 வரைக்கும் கணக்கு. விபத்துல உயிர் போனா 2 லட்சம் குடும்பத்துக்கு வரும், நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. ஆனா கால் ஒடஞ்சு மாசக்கணக்கா படுத்தா அதுல ஒண்ணும் வராது. அதுக்கு தனியா பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுக்கணும், வேலைக்கு போக முடியாத வாரத்துக்கு காசு தர மாதிரி இருக்கான்னு கேட்டு எடு. ஹார்னஸ் பெல்ட் ஒண்ணு வாங்கி வண்டிலயே போட்டு வை, ரெண்டாவது மாடின்னாலும் மாட்டிக்கினு ஏறு.

தண்டை_ஏசி

நன்றிண்ணா, நன்றி அக்கா, தங்கச்சிக்கும். பெல்ட் இல்லாமதான் ஏறினு இருக்கேன், இந்த வாரமே வாங்கிடறேன். போன் மேட்டர் எங்க வீட்ல இன்னும் பேசல, நல்ல வேள இங்க கேட்டேன். அவங்க லீவு புதன்கிழம. அன்னிக்கு மூணு மணிக்கு மேல புக்கிங் எடுக்கறதில்லன்னு வாட்ஸ்அப்ல போட்டாச்சு. டோல்கேட் பக்கம் கூட வேல பாத்த ஆளு ஒருத்தர் தனியா பண்றாரு, அவர் கிட்ட நாளிக்கு பேசறேன்.